ஜூனில் பிறந்த நாத்தனார்

ஜன்னல் மாடத்தில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று என் மகளின் பால் பாட்டில். மற்றொன்றில் பத்துப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தின. மூன்று மாதக் குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து மானாம்பதிக்குத் திரும்பிய மறுநாள் காலையில் நான் கண்ட காட்சி அது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தலைப்பிரட்டைப் பாட்டிலை எடுத்து மாடத்தின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தேன். பால் பாட்டிலை இரண்டு முறை வெந்நீரில் போட்டு எடுத்தேன். மாலையில் பார்த்தால் தலைப்பிரட்டைகள் பழைய இடத்துக்கே வந்திருந்தன. மறுநாளும் தள்ளி வைத்தேன், மறுநாளும் வந்தன. நான்காம் நாள், பாட்டிலின் சொந்தக்காரியான என் நாத்தனார் என்னிடம் பொறுமையாகச் சொன்னாள்.

"அதுங்களுக்கு வெளிச்சம் வோணும் அண்ணி. உன் பொண்ணு பாட்டிலுக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்? வோணும்னா அத நவுத்து வெச்சிக்கோ."

அவள் அப்போது உத்திரமேரூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நான் செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்து, கல்லூரியில் புகுமுக வகுப்போடு படிப்பு நின்று, திருமணமாகி வந்தவள். அவளைவிட ஐந்து வயதுதான் மூத்தவள். ஆனால் குழந்தை பிறந்த பிறகு ஐம்பது வயது கூடிவிட்டதுபோல் எதைக் கண்டாலும் பயந்தேன். குழந்தை தும்மினால் பயம், தும்மாவிட்டாலும் பயம். அவளோ வரப்போரத்துச் சேற்றில் கையை விட்டு எதையாவது பிடித்துவந்து, "இத பாரு அண்ணி, பின்னங்கால் மொளச்சிடுச்சி" என்று என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நான் கத்துவேன். மடியில் இருக்கும் என் மகள் சிரிப்பாள். கொஞ்ச நாளில், தலைப்பிரட்டைக்குக் கால் வந்ததா என்று காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பவள் நானாகிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேர்வு முடிவு வந்தது. விலங்கியலில் பள்ளியிலேயே அவள்தான் முதல். "பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன் நைனா" என்று என் மாமனாரிடம் கேட்டாள். மாமனார் அதிகம் பேசாதவர். கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்வதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார்.

"தவளய அறுக்கறதுக்கு காலேஜு போவணுமா? நம்ம ஏரிக்கரையில இல்லாத தவளயாடி பட்டணத்துல கீது?"

அப்போது திருப்புட்குழியிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. நிலபுலம் உள்ள நல்ல குடும்பம். மாமனார் கால் கழுவி முடித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒரே ஒரு கல்லூரிக்கு எழுதலாம். கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். ஏன் ஒரே ஒரு கல்லூரி என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஒரு கழனிக்கு ரெண்டு எடத்துல நாத்து வுட்டா, ரெண்டையும் ஒழுங்கா பாக்க மாட்டோம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வூட்ல காலேஜு வாசல மிதிச்சவ நீதான். எந்தக் காலேஜுன்னு நீயே சொல்லு. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. ஒரு மாடு வாங்கறதுக்கே பல்லப் புடிச்சிப் பாக்கறோம்" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலையாக இருந்தார், வாரம் ஒருமுறை வருவார். அவரிடம் சொன்னால், "நைனா உன்னியத்தானே சொல்லச் சொன்னாரு?" என்று நழுவிவிட்டார். தவறாகச் சொன்னால் நாளைக்கு அந்தப் பெண்ணின் வாழ்க்கையே என் வாயால் கெட்டதாக ஆகும். மருமகள் சொல்லிக் கெட்டது என்ற பேச்சு ஒரு வீட்டில் எத்தனை ஆண்டுகளானாலும் ஆறாது.

மாமனார் சொன்னபடி நானும் நாத்தனாரும் கைக்குழந்தையோடு இரண்டு கல்லூரிகளைப் பார்த்துவரப் போனோம். முதலாவது, ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்தது. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். பாடம் தமிழில். பேராசிரியர் ஒருவர் அன்போடு ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டினார். எனக்கு எல்லாமே திருப்தியாக இருந்தது. நாத்தனார் மேசை மேல் அடுக்கியிருந்த மெழுகுத் தட்டுகளை எண்ணினாள். தவளையை மல்லாத்திக் குண்டூசியால் பொருத்தி வைத்து அறுப்பதற்கான தட்டுகள் அவை. "ஒரு தட்டுக்கு எத்தன பேரு சார்?" என்று கேட்டாள். நான்கு பேருக்கு ஒன்று, ஒருவர் அறுக்க மற்றவர்கள் பார்த்து வரைந்துகொள்வார்கள் என்றார் அவர். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"நாலு பேருல அறுக்கறது யாரு அண்ணி? கேட்டியா? பையனுங்க கையிலதான் கத்தி இருக்கும். நாம நோட்டப் புடிச்சிக்கினு ஓரமா நிக்கணும்."

இரண்டாவது, சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி. உத்திரமேரூர், செங்கல்பட்டு, தாம்பரம் என்று வண்டி மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் என் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில். அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு மூத்த மாணவி தன் மெழுகுத் தட்டைத் தானே கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டின் அடியில் அவள் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. நாத்தனார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். ஊர் திரும்பியதும் வீட்டு வாசலில், "நீ இன்னா சொல்றியோ அதான் அண்ணி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். ஒன்றும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்துக் கல்லூரி என்று சொல்லத்தான் முதலில் மனம் போயிற்று. அதற்கு நூறு நியாயங்கள் வைத்திருந்தேன். தமிழில் படிக்கலாம், வீட்டுச் சாப்பாடு, பெற்றவர்கள் கண்ணெதிரே இருப்பாள். நூற்றோராவது காரணம் ஒன்றும் இருந்தது. தினமும் மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் என் மகளை வாங்கிக்கொள்பவள் அவள்தான். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் தலை வாரிக்கொள்வேன், காற்றாட நிற்பேன். அவள் சென்னைக்குப் போனால் அது போய்விடும். இது தெரிந்ததும் என்மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. சரி, சென்னை என்று மாற்றிக்கொண்டேன். உடனே வேறொரு சந்தேகம். நான் படிக்க முடியாமல் போன பி.எஸ்ஸி.யை அவள் தலையில் கட்டப் பார்க்கிறேனோ? ஆங்கிலம் புரியாமல் அவள் அழுதால் யார் பொறுப்பு? இப்படி இட்லி ஊற்றும்போது சென்னையாகவும் இறக்கும்போது பக்கத்து ஊராகவும் மாறி மாறி, கடைசியில் மாமனார் கேட்ட அன்று கண்ணை மூடிக்கொண்டு, "சென்னை மாமா. அங்கே ஒருத்தருக்கு ஒரு தட்டு" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என்ன தட்டு என்று புரிந்திருக்காது. "சரிம்மா, எழுதுங்க" என்றார்.

விண்ணப்பத்தை நிரப்பும் வேலையும் எனக்கே வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக முதலில் ஒரு வெள்ளைத்தாளில் முழுவதையும் எழுதிப் பார்த்துக்கொண்டேன். பிறந்த தேதி என்ற இடத்தில் கை நின்றது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டினேன். ஜூன் ஐந்து என்று இருந்தது. அது என் கணவரின் பிறந்த நாள் அல்லவா? வருடம்தான் வேறு. அண்ணனுடைய தேதியைப் பார்த்துத் தங்கைக்கும் தவறாக எழுதிவிட்டார்கள் என்று எனக்குச் சட்டென்று பட்டது. பெட்டியிலிருந்து அவளுடைய ஜாதக நோட்டை எடுத்தேன். ஐப்பசி மாதம் என்று தெளிவாக இருந்தது. பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டு, நவம்பரில் சரியான தேதியைக் கண்டுபிடித்து எழுதினேன். விண்ணப்பத்தின் கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று உறுதிமொழி வேறு இருந்தது. பொய்யான தேதியை எழுதிவிட்டு அதன் கீழே எப்படி அவளைக் கையெழுத்துப் போடச் சொல்வது? ஆகவே ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தேன். 'பள்ளிப் பதிவில் உள்ள தேதி தவறு. ஜாதகப்படி சரியான தேதி இதுவே.' எழுதி முடித்ததும் எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது. கோணல் மாணல் இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பதினைந்து நாள் கழித்து தபால்காரர் கொண்டுவந்த உறையை நானேதான் வாங்கினேன். உள்ளே நான்கே வரிகள். சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் பிறந்த தேதி மாறுபடுகிறது. விண்ணப்பத்தில் கண்ட தேதிப்படி பதினேழு வயது நிறையவில்லை. ஆகவே பரிசீலிக்க இயலாது.

கடிதத்தைக் குழந்தையின் துணி அடுக்குக்குக் கீழே வைத்தேன். மதியம்வரை அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. நாத்தனார் கிணற்றடியில் என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டு, "அத்த காலேஜுக்கு போனா நீ யாராண்ட குளிப்ப? சொல்லுடி!" என்று கொஞ்சிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. கடிதத்தைக் கொண்டுபோய் அவள் ஈரக் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"நீ எந்தத் தேதி போட்ட அண்ணி?"

ஐப்பசிக் கணக்கைச் சொன்னேன். ஓரத்தில் எழுதிய குறிப்பையும் சொன்னேன். அவள் என்னையே வெறித்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று நின்றேன். அவள் கிணற்றடிக் கல்லில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கத் தொடங்கினாள்.

"அய்ய, அண்ணி! இந்த ஊரே ஜூன் அஞ்சாம் தேதிதான் பொறந்துச்சி!"

ஆஸ்பத்திரியில் பிறந்து முறையாகப் பதிவான எனக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஊர்ப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்கப் போனால் தலைமையாசிரியர் தேதி கேட்பதில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. அவராகவே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு, ஐந்து வயது நிறைவதுபோல் எழுதிக்கொள்வார். அவருக்குப் பிடித்தது ஐந்தாம் தேதி. என் நாத்தனாருக்குக் கை கொஞ்சம் நீளம், அதனால் ஐந்து மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டாள்.

"அப்படின்னா உங்க அண்ணன்?" என்றேன்.

"அண்ணன் சித்திர மாசம். நீ ரெண்டு வருஷமா ஜூன் அஞ்சுக்குப் பாயசம் வெச்சிக்கினு கீறியே, யாருக்குன்னு நெனச்ச? மொத்த ஊருக்கும்!"

என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இரண்டு வருடமும் இரண்டிரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தாரே! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை திருப்புட்குழிக்காரர்கள் பேச வருவதாக இருந்தது. அன்று செவ்வாய்.

மாமனாரிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. கழனிக்கே போய்ச் சொன்னேன். அவர் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. காம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "வெதையில தப்பு இல்ல. வெதச்ச கையிலதான் தப்பு. நீயே போய் சரி பண்ணிக்கினு வா. ஞாயித்துக்கெழமக்குள்ள முடிஞ்சா பாரு" என்றார்.

புறப்படும்போது மாமியாரும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "கைக்கொழந்தய வெச்சிக்கினு பேஜார் படுவீங்க. நானும் வரேன்" என்றார். இத்தனை நாள் தவளையை வைத்துக் கேலி பேசியவர் என்பதால் எனக்கு உள்ளூரப் பயம். அங்கே வந்து என்ன பேசுவாரோ?

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் விண்ணப்பக் கட்டைத் திறக்கவே மறுத்தார். முடிந்த விஷயம் என்றார். நாங்கள் மூவரும் முதல்வர் அம்மாவின் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். மதிய மணி அடித்தது. குழந்தை அழ ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த எல்லா வித்தைகளையும் காட்டினேன். அழுகை கட்டிடம் முழுவதும் கேட்டது. கதவு திறந்தது. "யாருடைய குழந்தை? முதல்ல உள்ளே வாங்க" என்று முதல்வர் அம்மாவே கூப்பிட்டார். நாங்கள் ஒரு மாதமாகத் திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் அப்படி அமைந்திருக்காது.

நின்றுகொண்டே நான் நடந்ததை ஒப்பித்தேன். அவர் எழுத்தரிடம் விண்ணப்பத்தை வரவழைத்து, ஓரத்தில் நான் எழுதிய குறிப்பை மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். பிறகு என் மாமியார் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணு எப்போ பிறந்தா?" என்றார்.

'ஜூன் என்று சொல்லுங்கள் அத்தை' என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் மாமியாருக்குப் பொய் வராது.

"ஐப்பசி அட மழைங்க. ஏரி ரொம்பி கோடி போயிடுச்சி. மருத்துவச்சி அக்கரையில மாட்டிக்கினா. நானே பெத்து, நானே வெந்நி காச்சிக்கினேன். மறக்குமா? இவ அண்ணி எழுதினது நெசம்தாங்க. இஸ்கூல்லதான் மாத்திக்கீறாங்க."

போயிற்று என்று கண்ணை மூடினேன். காதில் விழுந்தது சிரிப்பு. முதல்வர் அம்மா நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல ஏழு பேர். ஏழு பேரும் ஜூன்ல பிறந்தவங்க. எங்க அம்மா பாவம்!" என்றார். பிறகு எழுத்தரைப் பார்த்து, "ஏம்ப்பா, நீ எப்போ?" என்றார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் ஜூன்தாம்மா, பதினொண்ணு" என்றார்.

அதன் பிறகு என்னிடம் ஒரு புதிய விண்ணப்பத்தைக் கொடுத்தார். கல்லூரிக்கு ஜாதகம் தேவையில்லை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ளதுதான் கணக்கு, அதையே எழுதிக்கொடு என்றார். பேனாவை எடுத்தேன். நான் எழுதியிருக்க வேண்டியது இரண்டே சொற்கள். கை நகரவில்லை. அந்த உறுதிமொழி கீழே இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இந்த நேரத்தில் இப்படி நிற்கிறேனே என்று என்னையே நொந்துகொண்டேன். ஆனாலும் கேட்டுவிட்டேன். "உண்மைன்னு கையெழுத்துப் போடணுமேம்மா?"

நாத்தனார் பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளினாள். முதல்வர் அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. "'பள்ளிப் பதிவின்படி'ன்னு பக்கத்துல சேர்த்து எழுதும்மா. அப்போ அது உண்மைதானே?" என்றார். அந்த இரண்டு வார்த்தை எனக்கு எத்தனை பெரிய சுமையை இறக்கியது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக நாத்தனாரைக் கேட்டார். "உங்க ஊர்ப் பக்கத்துலயே காலேஜ் இருக்கே. எதுக்கு இங்கேயே சேரணும்னு வந்திருக்கே?" நான் சொல்லிக்கொடுத்திருந்த பதில் வேறு. நல்ல ஆசிரியர்கள், நல்ல நூலகம் என்றெல்லாம் ஒப்பிக்க வைத்திருந்தேன். அவள், "இங்க ஒருத்தருக்கு ஒரு தட்டும்மா" என்றாள். மாமியார் இடுப்பிலிருந்து எட்டி என் மகள் முதல்வர் அம்மாவின் கண்ணாடிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, ஒரு கையால் அதை விடுவித்தபடி மறு கையால் விண்ணப்பத்தின் மேல் மூலையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ" என்றார்.

திரும்பும் வழியில் பேருந்தில் நாத்தனார் ஜன்னலோரம் தூங்கிப்போனாள். செங்கல்பட்டு தாண்டியதும் மாமியார் என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். "எம் புள்ள சித்திர மாசத்துக்காரன். நீ பாயசம் வெச்ச அன்னிக்கே சொல்லலாம்னுதான் வாய எடுத்தேன். பாயசம் நல்லா இருந்திச்சி. வுட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்த திருப்புட்குழிக்காரர்களிடம், பெண் கல்லூரியில் சேரப்போகிறாள், பிறகு பார்க்கலாம் என்று மாமனார் சொல்லியனுப்பினார். எல்லாம் அதோடு இனிதாக முடிந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். முதல் மாதம் விடுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாடம் ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள், திரும்பி வந்துவிடட்டுமா அண்ணி என்று எழுதியிருந்தாள். தவறாகத்தான் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். யாருக்கும் காட்டவில்லை. பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தைரியமாக இரு என்று எழுத எனக்கு என்ன தகுதி? கடைசியில், குழந்தைக்கு மேல் பல் இரண்டு வந்ததையும் என் விரலைக் கடிப்பதையும் எழுதிவிட்டு, தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள், மறந்துவிட்டது, எழுது என்று கேட்டு அனுப்பினேன். மறு தபாலில் நான்கு பக்கங்கள் வந்தன. மூன்று அறைகள் என்று தொடங்கி, தன் தட்டில் தன் கையால் அறுத்துத் திறந்தபோது அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது என்பதுவரை எழுதியிருந்தாள். திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அவள் பி.எஸ்ஸி. முடித்து, எம்.எஸ்ஸி.யும் முடித்து, இப்போது கடலோர ஊர் ஒன்றில் இறால் குஞ்சுகளை வளர்த்து ஆராயும் இடத்தில் வேலை பார்க்கிறாள். அன்று பேருந்தில் வாந்தி எடுத்த என் மகள் பள்ளிக்குப் போகிறாள். நான் இன்னமும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். மகளை எந்தப் பள்ளியில் போடுவது என்று யோசித்து யோசித்து மூன்று மாதம் தூங்கவில்லை. முன்பு என் சந்தேகங்களைக் கண்டு நானே வெட்கப்படுவேன். இப்போது அவ்வளவாக வெட்கப்படுவதில்லை. அந்தச் சந்தேகங்களோடுதான் ஒருமுறை சரியாகவும் சொல்லியிருக்கிறேன்.

சரியாகத்தான் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். முதல் தீபாவளிக்கு நாத்தனார் ஊருக்கு வந்தபோது தன் ரெக்கார்டு நோட்டையும் கொண்டுவந்திருந்தாள். பக்கம் பக்கமாகத் தவளை. எலும்பு, நரம்பு, குடல் என்று பென்சிலால் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தாள். மாமனார் அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக்கூட ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு பக்கமாக நகத்தால் தடவிப் பார்த்தார். மறுநாள் நோட்டைக் காணோம் என்று தேடினோம். துண்டில் சுற்றி டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அந்த வாரமே திருப்புட்குழி மாப்பிள்ளையின் அப்பா மறுபடியும் நேரில் வந்தார். மாமியார் மோர் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, பெண் லீவில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், இதுவரை படித்தது போதாதா, தை மாதம் முகூர்த்தம் பார்க்கலாமா என்றும் கேட்டார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். உள்ளே நாத்தனார் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். மாமனார் வழக்கம்போல் நிதானமாக யோசித்தார்.

"இப்பதாங்க தவளய முடிச்சிக்கீது. இன்னும் கரப்பாம்பூச்சி கீது, மீனு கீது, எலி கீது. எலிய முடிக்கவே மூணாவது வருஷம் ஆவும்ன்றாங்க. பாதில வுட்டுட்டு எப்டிங்க வரும்?" என்றார்.